துணிவுடைமை: இறைமாட்சியில் ஒரு சொல்லின் பொருள்

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசனுக்கு வேண்டிய பண்புகளை அடுத்தடுத்த குறள்களில் எண்ணிச் சொல்கிறது. 382ஆம் குறளில் அஞ்சாமை முதலாவதாக நிற்கிறது. 384இல் மறம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே, 383இல், தூங்காமை, கல்வி என்பவற்றோடு சேர்ந்து துணிவுடைமை வருகிறது. துணிவு என்றால் வீரம் என்றே கொள்வதாயின், வள்ளுவர் ஒரே பண்பை அடுத்தடுத்து மூன்று குறள்களில் மூன்று பெயரிட்டுச் சொன்னார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குறள் ஆய்வில் நெடுநாளாக நிலவும் ஒரு போக்கு இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறது. அரசனுடைய வீரத்தை வலியுறுத்தவே சொற்கள் அடுக்கப்பட்டன என்பது அதன் விளக்கம். இக்கட்டுரை அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 383இன் துணிவுடைமை, ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்து சேரும் ஆற்றலையே முதன்மையாகக் குறிக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

வீரம் என்ற பொருளுக்கு வாதிடுவோரின் பெரிய ஆதாரம் பரிமேலழகர். துணிவுடைமைக்கு அவர் எழுதும் பொருள் ஆண்மை. உரையை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் அந்தச் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். உரை அங்கே நிற்கவில்லை. பொழிப்புக்குப் பின் வரும் விளக்கத்தில், ஆண்மையை இவ்விடத்தில் துணிவு என்றது உபசார வழக்கு என்று பரிமேலழகர் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். ஒன்றன் பெயரை அதனோடு இயைபுடைய மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வதுதான் உபசார வழக்கு. ஆண்மை விரைந்து செயலில் இறங்குவது. அந்த இயைபு பற்றியே துணிவின் பெயர் ஆண்மைக்கு வந்தது என்பது அவர் தரும் காரணம்.

இந்தச் சிறு குறிப்பு சொல்வது மிகப் பெரிது. துணிவு என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே வீரம் என்றிருந்தால், உரையாசிரியர் உபசார வழக்கைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டியதில்லை. யாரும் விளக்கம் கேட்கமாட்டாத இடத்தில் பரிமேலழகர் விளக்கம் எழுதுபவர் அல்லர். அவர் காலத்து வாசகருக்குத் துணிவு என்றதும் வேறொரு பொருள் தோன்றியிருக்கிறது. அந்தப் பொருளிலிருந்து ஆண்மைக்குச் செல்ல ஒரு பாலம் தேவைப்பட்டிருக்கிறது. தங்கள் கருத்துக்கு அவரைச் சாட்சியாக நிறுத்துவோர், அவர் சாட்சியத்தின் பிற்பகுதியைக் கேளாமல் விட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் புகழ்பெற்ற 467ஆம் குறளிலும் அவர் இதே கவனத்தோடு நடந்துகொள்கிறார். அங்கே துணிதல் என்பதற்குத் தொடங்குதல் என்று பொருள் எழுதுகிறார். எழுதிவிட்டு, தொடக்கம் துணிவைப் பற்றி நிகழ்வதால் அதற்குத் துணிவு என்ற பெயர் வந்தது என்று காரணமும் சொல்கிறார். ஓரிடத்தில் ஆண்மை, இன்னோரிடத்தில் தொடக்கம். பொருள்கள் வேறு, ஆனால் இரண்டு இடத்திலும் அவை வழிப்பொருள்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. இரண்டுக்கும் பின்னால் நிற்கும் நேர்ப்பொருள் எது என்பதுதான் கேள்வி.

விடைக்கு நூலின் தொடக்கத்துக்கே போகலாம். நீத்தார் பெருமையின் முதற்குறளான 21இல் துணிவு நூல்களுக்கு உரியதாக வருகிறது. ஒழுக்கத்தில் நின்று துறந்தவர்களின் பெருமையே சிறந்தது என்பது நூல்களின் துணிவு. இங்கே வீரத்துக்கு இடமே இல்லை. நூல்கள் ஆராய்ந்து கண்ட முடிவு என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள இயலாது, கொண்டவரும் இல்லை.

வினைசெயல்வகையின் முதற்குறளான 671 இன்னும் தெளிவானது. சூழ்ச்சியின் எல்லை துணிவைப் பெறுதல், பெற்ற துணிவு தாமதத்தில் தங்கிக் கிடப்பது தீது என்று அது சொல்கிறது. சூழ்ச்சி என்பது இங்கே ஆராய்தல். ஆராய்ச்சி எங்கே முடிகிறதோ அங்கே துணிவு பிறக்கிறது. அந்த இடத்தில் பிறப்பதைத் தீர்மானம் என்றுதான் இன்றைய தமிழ் சொல்லும். ஒரு சொல்லுக்கு நூலாசிரியரே இலக்கணம் வகுத்துத் தந்தது போன்ற இடம் இது. ஆனாலும் 383ஐப் பேசும் கட்டுரைகளில் 671 அரிதாகவே பேசப்படுகிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. 383இல் துணிவுடைமைக்கு உடன்வருவது தூங்காமை, அதாவது காலம் தாழ்த்தாமை. 671இல் துணிவுக்குப் பகையாக நிற்பது தாழ்ச்சி, அதாவது காலத்தாழ்வு. அடுத்த குறளான 672 முழுவதும் தூங்குதல் என்ற வினையைச் சுற்றியே அமைந்திருக்கிறது: தாமதித்துச் செய்ய வேண்டியது எது, தாமதிக்காமல் செய்ய வேண்டியது எது என்று. ஓர் அதிகாரம் முன்னால் போனால், வினைத்திட்பத்தில் 669ஆம் குறள், துன்பம் மிகுந்து வந்தாலும் முடிவில் இன்பம் தரும் வினையைத் துணிவாற்றிச் செய்யச் சொல்கிறது. அதற்கு முந்திய 668, கலங்காமல் ஆராய்ந்து கண்ட வினையைத் தூக்கம் நீக்கிச் செய்யச் சொல்கிறது. ஆக, இறைமாட்சியிலும் வினைத்திட்பத்திலும் வினைசெயல்வகையிலும் துணிவு வரும்போது தூங்காமையும் அடுத்தோ உடனோ வருகிறது. இது தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை. ஆராய்ச்சி, துணிவு, தாமதமின்மை என்ற மூன்றும் வள்ளுவரின் வினைக்கோட்பாட்டில் ஒரே சங்கிலியாக இருக்கின்றன. 383 அந்தச் சங்கிலியை அரசனுக்கு உரியதாக்கிச் சொல்கிறது. கல்வி ஆராய்வதற்கு; துணிவுடைமை ஆராய்ந்ததை முடிவு செய்வதற்கு; தூங்காமை முடிவு செய்ததைக் காலத்தில் செய்வதற்கு. குறளில் சொற்கள் நிற்கும் வரிசை இதிலிருந்து வேறாக இருக்கிறதே என்று கேட்கலாம். யாப்பும் எதுகையும் வரிசையை மாற்றுவது குறளில் புதிதல்ல. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

இப்படிப் படிக்கும்போது கல்விக்கு 383இல் என்ன வேலை என்ற நெடுநாள் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. வீரம் என்று படிப்பவர்களுக்கு, விரைவுக்கும் வீரத்துக்கும் இடையே கல்வி எப்படி வந்து அமர்ந்தது என்பதை விளக்குவது கடினமாகவே இருந்து வந்திருக்கிறது. பரிமேலழகருக்கே அந்த உணர்வு இருந்தது. செய்யும் காரியங்களை அறிவதற்கு ஏற்ற கல்வி என்று அவர் அதைச் செயலோடு கட்டுகிறார். அந்தக் கட்டு சரியானது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் ஆண்மை என்ற பொருள் அவருக்கே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது.

எதிர்த்திசையிலிருந்தும் சோதித்துப் பார்க்கலாம். துணிவு வள்ளுவர் காலத்திலேயே வீரத்தின் பெயராக இருந்தால், அது அதிகம் தென்பட வேண்டிய இடம் போர்க்களம். படைமாட்சி, படைச்செருக்கு ஆகிய இரண்டு அதிகாரங்களின் இருபது குறள்களிலும் துணிவு என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அங்கே வருபவை வன்கண், மறம், தறுகண், ஆற்றல் முதலியவை. கண்ணெதிரே வேல் பாய்ந்தாலும் இமைக்காத வீரனைப் பாடும் புலவர், அவனுக்குத் துணிவு இருக்கிறது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அமைச்சனிடம் வேண்டிய உறுதிக்கும் 632இல் வன்கண் என்பதே வருகிறது. அவையில் நடுங்காமல் பேசுவதற்கு ஓர் அதிகாரமே வகுத்தபோது, அதன் பெயர் அவையஞ்சாமை.

இடனறிதலில் வரும் 497ஆம் குறள் இந்த வேறுபாட்டை ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது. எல்லாவற்றையும் குறைவில்லாமல் எண்ணி, ஏற்ற இடத்தில் செய்பவனுக்கு அஞ்சாமையைத் தவிர வேறு துணை வேண்டாம் என்பது அதன் கருத்து. எண்ணுதல் முடிந்துவிட்டது, இடமும் தேர்ந்தாகிவிட்டது. இனிக் களத்தில் இறங்குபவனுக்கு வேண்டியது வீரம் மட்டும். அந்த வீரத்துக்கு வள்ளுவர் கையில் எடுத்த சொல் அஞ்சாமை. துணிவு அந்த இடத்தில் வராததற்குக் காரணம் இருக்கிறது. எண்ணி முடித்தவன் துணிவை ஏற்கெனவே பெற்றுவிட்டவன்.

இலக்கண நூல்களும் இதையே சொல்கின்றன. அகப்பொருள் மரபில் கைக்கிளையின் துறைகள் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்று செல்வதை நம்பியகப்பொருள் படித்தவர் அறிவர். தலைவன் சோலையில் ஒருத்தியைக் காண்கிறான். தெய்வமகளோ மானிடப் பெண்ணோ என்று ஐயுறுகிறான். பிறகு மானிடப் பெண்ணே என்று தெளிகிறான். அந்தத் தெளிவுக்குப் பெயர் துணிவு. ஐயத்துக்கு நேர் எதிர்ச்சொல்லாக அது நிற்கிறது. அச்சத்துக்கு எதிராக அன்று. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்துள் ஒன்று, இரண்டு ஆசிரியர்கள் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கத்தை முடிவாகக் கொள்வது. அதுவும் துணிவு என்றே பெயர் பெறுகிறது. ஐயமும் துணிவும் என்று இணைத்துப் பேசுவது இலக்கண உரைகாரர்களின் அன்றாட வழக்கு. மறுபுறம், மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் எண்ணும்போது வீரத்துக்கு வைத்த சொல் தறுகண். துணிவு அந்தப் பட்டியலில் இல்லை.

சொல்லின் பிறப்பும் இதற்கு இடம் தருகிறது. துணித்தல் என்றால் வெட்டுதல். துண்டும் துணியும் துணுக்கும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பல வழிகளில் கிளைத்து நிற்கும் எண்ணத்தை ஓரிடத்தில் வெட்டி நிறுத்துவது துணிவு. அறுத்தலிலிருந்து அறுதி வந்ததும், வடமொழியில் வெட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பரிச்சேதம் வந்து வரையறுத்தலைக் குறித்ததும் இதே வழியில்தான். சங்க நூல்களில் தெளிந்த நீரைத் துணிநீர் என்பது உண்டு. கலக்கம் நீங்கிய நிலை என்ற அந்தப் பொருளும் இங்கே கைகொடுக்கிறது. 669இன் துணிவுக்குப் பரிமேலழகர் கலங்காமை என்று பொருள் சொன்னது இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் வேர்ப்பொருளை மட்டும் வைத்து ஒரு குறளின் பொருளைத் தீர்ப்பது ஆபத்தான பழக்கம். மேலே சொன்ன வழக்குகள் இல்லாதிருந்தால் இந்தப் பத்திக்கு எடை மிகக் குறைவு.

இனி, இக்கட்டுரையின் கருத்துக்கு உண்மையிலேயே இடர் தரும் ஒரு குறளைப் பார்க்க வேண்டும். தூது அதிகாரத்தின் 688 தூய்மை, துணைமை, துணிவுடைமை என்ற மூன்றைத் தூதனுக்குரிய பண்பாகச் சொல்கிறது. 383ஐப் போலவே இங்கும் மூன்று பண்புகள். அங்கே மூன்றாவதாக நின்ற துணிவுடைமை இங்கும் மூன்றாவதாகவே நிற்கிறது. தூதன் பகைவேந்தன் முன்னே நிற்பவன். சொல்ல வேண்டியதைச் சொன்னால் தனக்குத் தீங்கு வரும் என்று அஞ்சிச் சொல்லாமல் விடக்கூடாது; அதற்கே துணிவுடைமை என்ற முறையில் பழைய உரை செல்கிறது. அச்சத்தோடு நேராக மோதும் இடம் இது.

முன்னர்ச் சொன்ன சான்று இங்கும் ஓரளவு பயன்படும். இதே அதிகாரத்தில் 686ஆம் குறள் தூதனுடைய கண்ணஞ்சாமையைத் தனியே சொல்லிவிட்டது. ஆகவே 688இன் துணிவுடைமை வேறொன்றாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு நகர்ந்துவிடலாம். அந்த வாதம் இங்கே அவ்வளவு எளிதாகச் செல்லாது. தூதர் இருவகையர் என்பது உரைமரபு: தாமே வகுத்துச் சொல்பவர், சொல்லியனுப்பியதைச் சொல்பவர். 688 பேசுவது இரண்டாமவனைப் பற்றி. செய்தியை மாற்றவோ கூட்டவோ அவனுக்கு அதிகாரம் இல்லை. முடிவு செய்ய ஒன்றுமில்லாதவனுக்கு முடிவு செய்யும் ஆற்றல் எதற்கு?

எனவே 688இல் துணிவு வீரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசன் செய்த முடிவைத் தூதன் சுமந்து செல்கிறான். சபையில் நிற்கும்போது அந்த முடிவை மறுபடியும் எடைபோட்டுப் பார்க்கும் ஆசை அவனுக்கு வரும். இதைச் சொல்லலாமா, சற்றுத் தணித்துச் சொல்லலாமா என்ற ஊசலாட்டம் எழும். அந்த ஊசலாட்டம் இல்லாமையே இங்கே துணிவு. முடிவெடுத்தல் என்ற பொருளிலிருந்து முடிவில் அசையாது நிற்றல் என்ற பொருளுக்குச் சொல் நகர்ந்திருக்கிறது. 669இலும் இந்த நகர்வின் தொடக்கம் தெரிகிறது. வீரம் என்ற இன்றைய பொருள் வந்து சேர்ந்த பாதை இதுவாகவே இருக்கக்கூடும். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத தூதனை அளவுகோலாக வைத்து, முடிவெடுப்பதையே தொழிலாகக் கொண்ட அரசனின் குறளுக்குப் பொருள் சொல்வது முறையாகாது. 383இன் அரசனுக்கு அருகில் இருப்பது 671, 688 அன்று.

மொழிபெயர்ப்புகளில் இந்தப் பிளவு வெளிப்படையாகவே இருக்கிறது. 1886இல் வெளிவந்த ஜி.யு. போப்பின் செய்யுள் மொழிபெயர்ப்பு 383இல் உறுதியாக முடிவெடுத்தல் என்ற பொருளைத் தருகிறது. ட்ரூ, லாசரஸ் இருவரின் உரைநடை மொழிபெயர்ப்பு வீரம் என்ற பொருளைத் தருகிறது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட பதிப்புகள் உண்டு. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு பொருள்களைப் படித்த வாசகர், இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக் கடந்திருப்பார். இக்காலத் தெளிவுரைகளில் பல இன்னும் எளிய வழியைப் பின்பற்றுகின்றன. துணிவுடைமை என்பதற்குத் துணிவுடைமை என்றே எழுதிவிடுகின்றன. சொல் மாறவில்லை, படிப்பவர் மனத்தில் அதன் பொருள் மாறிவிட்டது. உரையின் வேலை அந்த இடைவெளியைச் சொல்வதுதான். பள்ளி மாணவர் ஒருவர் 383ஐப் படித்து, நாட்டை ஆள்பவனுக்கு அஞ்சாநெஞ்சம் வேண்டும் என்று விடைத்தாளில் எழுதினால் குற்றம் அவருடையது அன்று.

பொருள் ஏன் மாறியது? அச்சொல் எந்த வினையோடு சேர்கிறது என்பதில் இதற்கான விடை இருக்கலாம். செய்யத் துணிந்தான், போகத் துணிந்தான் என்ற அமைப்பில் துணிதல் முடிவு செய்தலாகவே இருந்தது. ஆனால் செய்யும் செயல் அபாயமானதாகவோ கொடியதாகவோ இருக்கும்போது கேட்பவர் காதில் முடிவைவிட அபாயமே ஓங்கி ஒலிக்கிறது. கொலை செய்யத் துணிந்தான் என்ற வாக்கியம் இரண்டு பொருளையும் தாங்கி நிற்கும். இன்று யாரும் சோறு உண்ணத் துணிந்தான் என்று சொல்வதில்லை. அந்தச் சோற்றில் நஞ்சு இருக்கலாம் என்றால்தான் சொல்வார்கள். துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்ற பழமொழியை முடிவு செய்துவிட்டவன் என்று படித்தாலும் பொருந்துகிறது, அஞ்சாதவன் என்று படித்தாலும் பொருந்துகிறது. பேச்சில் துணிஞ்சு இறங்கிட்டான் என்கிறபோதும் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

இதற்கிடையே நிச்சயம், தீர்மானம், முடிவு ஆகிய சொற்கள் பழைய பொருளின் இடத்தை எடுத்துக்கொண்டன. மறுபுறம் தறுகண் வழக்கொழிந்தது. மறம் அறத்தின் எதிர்ச்சொல்லாகவே பெரிதும் நின்றுவிட்டது. வீரத்துக்குப் பழைய தமிழில் இருந்த பெயர்கள் குறைய, துணிவு அந்தப் பக்கம் தள்ளப்பட்டது. துணிச்சல், துணிகரம் என்ற புதிய வடிவங்களில் ஆராய்ந்து முடிவெடுக்கும் பொருள் அறவே இல்லை. பட்டப்பகலில் பூட்டை உடைத்த செய்திக்கு நாளிதழ்கள் துணிகரக் கொள்ளை என்று தலைப்பிடுகின்றன. 2023 ஜனவரியில் வெளிவந்த 'துணிவு' திரைப்படம் ஒரு வங்கிக் கொள்ளையைச் சுற்றியே நகர்கிறது. பழைய பொருளை இன்றும் காத்துவருவது துணிபு என்ற வடிவம் மட்டுமே. அறிஞர் துணிபு, ஆசிரியர் துணிபு என்று ஆய்வுலகம் அதை நாள்தோறும் கையாள்கிறது. துணிவைப் பற்றிய கட்டுரைகளிலேயே துணிபு என்ற சொல் பழம்பொருளில் வந்து போகிறது. இரண்டும் ஒரே வினையடியிலிருந்து ஈறு மட்டும் வேறுபட்டுப் பிறந்தவை என்பதை எண்ணிப் பார்த்திருந்தால், 383 பற்றிய இந்த விவாதம் முன்பே முடிந்திருக்கும்.

இந்தப் பொருளை ஏற்றால் 467ஐயும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறளைத் தீர்மானத்துக்குப் பின் மறுசிந்தனை கூடாது என்ற கட்டளையாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். துணிதல் என்பது முடிவு செய்தல் என்றால் அந்தக் கட்டளை மேலும் கடுமையாகாதா என்று ஒருவர் கேட்கலாம். தொடங்குதல் என்று பரிமேலழகர் பொருளை நகர்த்தியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் குறளில் இழுக்கு என்று சொல்லப்படுவது எது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எண்ணுவம் என்பது தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று. அதை ஒருவர் கூற்றாக நிறுத்தி, அந்தக் கூற்றையே குறள் இழுக்கு என்கிறது. எண்ணியாயிற்று, இன்னொருமுறையும் எண்ணுவோம் என்று சொல்பவன் அங்கே பேசவில்லை. இன்னும் எண்ணவே இல்லை, முடிவெடுத்த பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்று சொல்பவன் பேசுகிறான். ஆராய்ச்சி முன்னும் துணிவு பின்னுமாக வர வேண்டிய வரிசையை அவன் புரட்டிப் போடுகிறான். 671 வகுத்த வரிசையும் அதுவே. புதிய செய்தி கிடைத்தபோது முடிவை மாற்றிக்கொள்வதைப் பற்றி 467 ஒன்றும் சொல்லவில்லை. மாற்றக்கூடாது என்பதற்கு அந்தக் குறளை மேடைதோறும் சான்றாகக் காட்டும் வழக்கத்துக்கு மூலத்தில் ஆதாரம் இல்லை.